சென்சரி பிளே – புலன் விளையாட்டு: சொல் விளக்கம்

மழலையர் பள்ளிகளின் விளம்பரத் தாள்களிலும், விளையாட்டுப் பொருள்களின் அட்டைப்பெட்டிகளிலும், இளம் பெற்றோரின் பேச்சிலும் ‘சென்சரி பிளே’ என்னும் தொடர் இப்போது அடிக்கடி தென்படுகிறது. பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தை தொட்டும், முகர்ந்தும், கேட்டும், பார்த்தும், சில வேளைகளில் சுவைத்தும் ஒரு பொருளின் இயல்பைத் தானே கண்டறிய இடம் கொடுக்கும் விளையாட்டு என்பது இதன் பொருள். இதில் வெற்றி தோல்வி இல்லை. செய்து முடித்துக் காட்ட வேண்டிய உருவம் எதுவும் இல்லை. அரிசிக்குள் கையை விட்டு எடுப்பதும், பிசைந்த மாவை நசுக்குவதும், ஏலக்காயை முகர்ந்து பார்ப்பதும் இதற்குள் அடங்கும். தமிழில் இதற்கு நேரான சொல் ‘புலன் விளையாட்டு’ என்பதே. ஆனால் மொழிபெயர்ப்புகளில் ‘உணர்ச்சி விளையாட்டு’, ‘உணர்வு விளையாட்டு’ என்று எழுதும் வழக்கமும் பரவி வருகிறது. இவற்றுள் முதலாவது பிழையானது, இரண்டாவது தெளிவற்றது.

இக்குழப்பத்தின் வேர் இலத்தீன் மொழியிலேயே இருக்கிறது. ‘சென்சரி’ என்னும் ஆங்கிலப் பெயரடை ‘செந்தீரே’ என்ற இலத்தீன் வினையின் வழியே வந்தது. அவ்வினைக்குப் புலன்களால் அறிதல், மனத்தால் உணர்தல், கருத்துக் கொள்ளுதல் எனப் பல பொருள்கள் உண்டு. அதே வேரிலிருந்துதான் வெப்பத்தையோ ஒளியையோ கண்டறியும் கருவியைக் குறிக்கும் ‘சென்சார்’ என்ற சொல்லும், நம் திரைப்பட உரையாடல்களில் புழங்கித் தேய்ந்த ‘சென்டிமென்ட்’ என்ற சொல்லும் பிறந்தன. (திரைப்படத் தணிக்கையைக் குறிக்கும் ‘சென்சார்’ ஒலியால் மட்டுமே ஒத்தது, அதன் வேர் வேறு.) ஆக, ஒரே வேரின் ஒரு கிளை புலன்வழி அறிதலுக்கும் மற்றொரு கிளை நெகிழ்ச்சிக்கும் சென்றிருக்கிறது. ‘சென்சரி’ முதற்கிளையைச் சேர்ந்தது. ‘உணர்ச்சி’ என்று மொழிபெயர்ப்பவர்கள் இரண்டாவது கிளைக்குத் தாவிவிடுகிறார்கள். இன்றைய தமிழில் உணர்ச்சி என்றால் கோபம், அழுகை, பாசம் போன்றவையே நினைவுக்கு வருகின்றன. ‘உணர்ச்சி விளையாட்டு’ என்ற பலகையைப் பார்க்கும் தாய், தன் பிள்ளைக்குக் கோபத்தை அடக்கப் பழக்குகிறார்கள் போலும் என்று எண்ணினால் அவர்மீது குற்றமில்லை.

தமிழில் இதற்குப் புதுச்சொல் ஆக்க வேண்டிய தேவை இல்லை. பொறி, புலன் என்னும் இரண்டையும் நம் மரபு நெடுங்காலமாகவே பிரித்து வைத்திருக்கிறது. மெய், வாய், கண், மூக்கு, செவி ஆகிய ஐந்தும் பொறிகள், அதாவது அறியும் உறுப்புகள். அவற்றின் வழியே அறியப்படுபவையான ஊறு, சுவை, ஒளி, நாற்றம், ஓசை ஆகியவை புலன்கள். ‘சுவைஒளி ஊறுஓசை நாற்றமென ஐந்தின்’ என்று திருக்குறளின் 27ஆம் குறள் இவற்றை வரிசைப்படுத்துகிறது. ‘புலன்’ என்ற சொல் அறிவுக்கு எட்டுவதைக் குறிப்பது என்பதற்குப் ‘புலப்படுதல்’, ‘புலனாதல்’ என்னும் வினைகளும், நாளேடுகளில் நாம் நாள்தோறும் படிக்கும் ‘புலனாய்வு’ என்ற சொல்லும் சான்று. இந்தப் பட்டியலில் உள்ள இரண்டு சொற்கள் இன்று பொருள் திரிந்துவிட்டன என்பதையும் சொல்ல வேண்டும்: தொடு உணர்வைக் குறித்த ‘ஊறு’ இப்போது தீங்கு என்ற பொருளிலேயே எஞ்சியிருக்கிறது, எந்த மணத்துக்கும் பொதுவாயிருந்த ‘நாற்றம்’ கெட்ட வாடையாகிவிட்டது. எனவே பெற்றோருக்கான குறிப்புகளில் தொடுகை, மணம் என்று எழுதுவதே நல்லது.

‘ஐம்புல விளையாட்டு’ என்று எழுதுவோரும் உண்டு. கேட்பதற்கு அது இனிமையானதே, ஆனால் துறையின் வரம்பைச் சுருக்கிவிடுகிறது. அன்றாடச் செயல்களைச் செய்யப் பயிற்றுவிக்கும் ஆக்குபேஷனல் தெரபி என்னும் சிகிச்சைத் துறையைச் சேர்ந்த அமெரிக்கரான ஜீன் ஏயர்ஸ், புலன் ஒருங்கிணைப்பு (புலன்கள் தரும் செய்திகளை மூளை ஒன்றுசேர்த்துப் பயன்படுத்துவது) பற்றிய தம் கருத்துகளை 1972இல் நூலாக வெளியிட்டார். ஐந்து புலன்களோடு, உடல் சாய்வதையும் சுழல்வதையும் அறியும் உட்செவியின் சமநிலை உணர்வையும், கண்ணால் பாராமலே கைகால்கள் இருக்கும் நிலையை அறிவிக்கும் தசை, மூட்டு உணர்வையும் அவர் முதன்மையாகக் கருதினார். குழந்தை சப்பாத்தி மாவை உள்ளங்கையால் அழுத்திப் பிசையும்போது தொடுகை மட்டுமன்றி இந்தத் தசை உணர்வும் வேலை செய்கிறது. எண்ணிக்கை சொல்லாத ‘புலன் விளையாட்டு’ என்ற தொடர் இவை அனைத்துக்கும் இடம் கொடுக்கிறது.

குழந்தைக் கல்வியில் இக்கருத்துக்கு இன்னும் பழைய வரலாறு உண்டு. மரியா மாண்டிசோரி 1907இல் ரோம் நகரில் தொடங்கிய ‘குழந்தைகள் இல்லத்தில்’ புலன் பயிற்சிக்கென்றே பொருள்களை அமைத்தார். வழவழப்பும் சொரசொரப்பும் மாறி மாறி வரும் பலகைகளும், குலுக்கிப் பார்த்து ஒரே ஓசையுடையவற்றை இணை சேர்க்கும் உருளைகளும் அவற்றுள் சில. அவர் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். இரண்டாம் உலகப் போரினால் நாடு திரும்ப இயலாமல் இந்தியாவிலேயே தங்கியபோது கொடைக்கானலிலும் சில காலம் வாழ்ந்தார். ஆனால் அவருடைய முறையையும் இன்று சென்சரி பிளே எனப்படுவதையும் ஒன்றாகக் கொள்ளக் கூடாது. மாண்டிசோரியின் பொருள் ஒவ்வொன்றுக்கும் குறித்த நோக்கமும் கையாளும் ஒழுங்கும் உண்டு. புலன் விளையாட்டிலோ மாவை என்ன செய்வது என்பதைக் குழந்தையே முடிவு செய்கிறது.

பெயர்ச்சொல்லை விட எனக்கு முக்கியமாகப் படுவது வினைச்சொல். புலன் விளையாட்டின்போது குழந்தை உண்மையில் செய்யும் செயலுக்குத் தமிழில் ‘அளைதல்’ என்று பெயர். கையை விட்டுக் கலக்குதல், துழாவுதல், பூசிக்கொள்ளுதல் ஆகிய மூன்றும் சேர்ந்த செயல் அது. ‘அமிழ்தினும் ஆற்ற இனிதேதம் மக்கள் சிறுகை அளாவிய கூழ்’ என்னும் குறளில் வரும் ‘அளாவிய’ இதற்கு உறவான சொல். புறநானூற்றின் 188ஆம் பாட்டில் பாண்டியன் அறிவுடைநம்பி, நெய்ச்சோற்றை ‘இட்டும் தொட்டும் கவ்வியும் துழந்தும்’ தன் உடலெங்கும் சிதறிக்கொள்ளும் குழந்தையைக் காட்டுகிறார். இட்டு, தொட்டு, கவ்வி, துழந்து என்னும் இந்த வரிசையை இன்றைய குழந்தைக் கல்வி வகுப்பில் அப்படியே பாடமாக வைக்கலாம். பெரியாழ்வார் ‘வெண்ணெய் அளைந்த குணுங்கும் விளையாடு புழுதியும்’ படிந்த கண்ணனை நீராட அழைக்கிறார். வெண்ணெயின் வாடைதான் குணுங்கு. மூன்று இடங்களிலும் விளையாட்டுப் பொருள் சமையலறையிலிருந்து வந்தது என்பதையும், பெரியவர்கள் அதைக் குறும்பாகக் கருதினாலும் குற்றமாகக் கருதவில்லை என்பதையும் கவனிக்கலாம்.

சங்க இலக்கியத்தில் வரும் ‘சிறுசோறு’ என்ற சொல்லையும் இங்கே பயன்படுத்தலாமே என்று சிலர் கேட்கக்கூடும். அகநானூற்றின் 110ஆம் பாட்டில் கடற்கரை மகளிர் சிற்றில் (விளையாட்டு மணல்வீடு) இழைத்துச் சிறுசோறு குவிக்கிறார்கள். அங்கே மணல் சோறாகப் பாவிக்கப்படுகிறது; ஆகவே அது பாவனை விளையாட்டு. மணலின் நெருநெருப்பையே கை தேடிச் செல்லும்போதுதான் அது புலன் விளையாட்டாகிறது. நடைமுறையில் ஒன்று மற்றொன்றாக மாறிக்கொண்டேயிருக்கும் என்பது உண்மைதான். ஆயினும் சொற்களை வேறுபடுத்தி வைத்துக்கொள்வது ஆசிரியர்களுக்குப் பயன்படும்.

எனவே என் பரிந்துரை இது: முழுத் துறைக்கும் ‘புலன் விளையாட்டு’ என்றும், ஆங்கிலத்தில் ‘மெஸ்ஸி பிளே’ எனப்படும், கையும் உடையும் அழுக்காகும் வகைக்கு ‘அளை விளையாட்டு’ என்றும் வழங்கலாம். ‘சென்சரி பின்’ எனப்படும் தொட்டிக்குத் தனிச்சொல் எதற்கு? தாம்பாளம் என்றோ முறம் என்றோ அங்கே உண்மையில் இருக்கும் பாத்திரத்தின் பெயரைச் சொன்னால் போதும்.

அளை விளையாட்டுக்குச் சமையலறையில் கிடைக்கும் பொருள்களுள் மிகவும் வியப்பூட்டுவது மக்காச்சோள மாவு, அதாவது கடைகளில் கார்ன்ஃப்ளவர் என்று கேட்டு வாங்கும் வெள்ளை மாவு. அதை இரண்டு பங்கும் தண்ணீரை ஒரு பங்கும் எடுத்துக் கலக்கினால், சட்டென்று குத்தும்போது கெட்டியாகவும் கையை மெல்ல அமிழ்த்தும்போது நீர்மமாகவும் நடந்துகொள்ளும் ஒரு குழம்பு கிடைக்கும். விரைந்து அழுத்தும்போது மாவுத் துகள்கள் ஒன்றோடொன்று உராய்ந்து இறுகி நின்றுவிடுகின்றன. அழுத்தம் நீங்கியதும் மீண்டும் நழுவி ஓடுகின்றன. இந்த விளக்கம் குழந்தைக்குத் தேவையில்லை. ‘இறுகுது’, ‘ஒழுகுது’ என்ற இரண்டு சொற்களை அந்தந்தக் கணத்தில் அருகிலிருந்து சொன்னால் போதும்.

அடுத்தது மஞ்சள். மஞ்சள்தூள் கரைத்த நீரில் ஒரு சிட்டிகை ஆப்பசோடாவைப் போட்டால் அது செம்பழுப்பாக மாறும். எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்தால் நுரைத்துப் பொங்கி, சாறு போதிய அளவு சேர்ந்ததும் மஞ்சள் நிறத்துக்கே திரும்பும். காரப்பொருளோடு சேரும்போது மஞ்சளின் நிறப்பொருள் சிவக்கிறது. ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதற்கும் இதுவே காரணம். ஆனால் சுண்ணாம்பு தோலையும் கண்ணையும் புண்ணாக்கும் என்பதால் குழந்தையின் கைக்கு அதைக் கொடுக்கக் கூடாது.

மணத்துக்கு ஏலக்காய், சீரகம், காபித்தூள், பெருங்காயம் ஆகியவற்றைத் தனித்தனி டப்பாக்களில் இட்டு, துளையிட்ட மூடியால் மூடிக் கொடுக்கலாம்; மிளகாய்த்தூளும் மிளகுத்தூளும் வேண்டாம். ஓசைக்கு எவர்சில்வர் டப்பாக்களில் கடுகு, அரிசி, கொண்டைக்கடலை என இட்டு இறுக மூடிக் குலுக்கச் செய்யலாம்.

தொடுகையைக் குறிக்கும் சொற்களில் தமிழ் செழிப்பானது. ரவையின் நறநறப்பு, வெண்டைக்காயின் வழவழப்பு, வெல்லப்பாகின் பிசுபிசுப்பு, தேங்காய் ஓட்டின் சொரசொரப்பு, அப்பளத்தின் மொறுமொறுப்பு என இரட்டித்து ஒலிக்கும் சொற்கள் ஒலியாலேயே பொருளைக் காட்டுகின்றன. எழுத்தறியாத குழந்தையும் அவற்றை உடனே பற்றிக்கொள்ளும். ‘சாஃப்ட்’, ‘ஸ்டிக்கி’ என்று சொல்லிக் கொடுப்பதை விட இவற்றைச் சொல்லிக் கொடுப்பது எளிது என்பதே என் கருத்து.

உணவுப் பொருளை விளையாட்டுக்குக் கொடுக்கலாமா என்ற தயக்கம் நம் வீடுகளில் இயல்பானது. அரிசியைக் காலால் மிதித்தாலே கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பழக்கம் உடையவர்கள் நாம். உலர்ந்த தானியத்தைச் சுத்தமான தாம்பாளத்தில் கொட்டி அளையவிட்டால், பின்னர் புடைத்துக் கழுவிச் சமைத்துக்கொள்ளலாம். மைதா இரண்டு கிண்ணம், உப்பு ஒரு கிண்ணம், ஏறக்குறைய ஒரு கிண்ணம் தண்ணீர் சேர்த்துப் பிசையும் விளையாட்டு மாவைச் சமைக்க முடியாது. மூடி வைத்துச் சில நாள் பயன்படுத்தலாம். அதைக் குழந்தை தின்றுவிடாமல் பார்ப்பது இன்றியமையாதது. அவ்வளவு உப்பு சிறு உடலுக்குக் கேடு. வேகாத மாவில் நோய்க்கிருமிகளும் இருக்கக்கூடும். பச்சை ராஜ்மாவில் வாந்தியை உண்டாக்கும் நச்சுப் பொருள் இருப்பதால் அதை விலக்கிவிடுவது நல்லது. மூன்று வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கடலை, பட்டாணி போன்ற விழுங்கக்கூடிய மணிகளைக் கொடுக்கவே கூடாது. பெரிய குழந்தைகளும் அவற்றை மூக்கிலோ காதிலோ போட்டுக்கொள்வது உண்டு. ஈரத்தில் அவை ஊறிப் பருத்துவிட்டால் மருத்துவரிடம்தான் ஓட வேண்டியிருக்கும். கோதுமை, நிலக்கடலை ஒவ்வாத குழந்தைகளுக்கு அவற்றின் மாவைத் தொடுவதும் தொல்லை தரலாம். அளை விளையாட்டு நடக்கும் நேரம் முழுவதும் பெரியவர் ஒருவர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.