நாணலில் இல்லாத நாணல் குருவி

நவம்பர் காலையில் புதுச்சேரி ஊசுட்டேரிக் கரையோர வேலிக்குள்ளிருந்து, இரண்டு கூழாங்கற்களைத் தட்டினாற்போல் "செக்... செக்..." என்று குரல் விட்டுவிட்டு வந்தால், அநேகமாக அது பிளித் நாணல் கதிர்க்குருவி (Blyth's Reed Warbler). பெயரை நம்பி நாணலுக்குள் தேட வேண்டாம். வலசை வந்த இடத்தில் அதற்குப் பிடித்தது புதரும் தோட்டமும்தான். தண்ணீரோரச் சம்பங்கோரையில் தாவுவது வயல் கதிர்க்குருவியாக இருக்கலாம். அதன் புருவக்கோடு, அதாவது கண்ணுக்கு மேல் ஓடும் வெளிர் கோடு, கண்ணுக்குப் பின்னாலும் தெளிவாக நீளும்.

குழப்பம் தொடங்குவது வறண்ட சீமைக்கருவேலங் காட்டில். அங்கே பிளித்தைப் போலவே தோன்றும் இன்னொரு கதிர்க்குருவியான பூட்டட் வார்ப்ளரும் (Booted Warbler) வரும். பிளித் சுமார் 13 செ.மீ., பூட்டட் சுமார் 12 செ.மீ.; இந்த வித்தியாசம் கிளைக்குள் கண்ணுக்கு எட்டாது. நிறத்தைக் கடைசியில் பாருங்கள். இலை வழியே விழும் வெளிச்சம் பழுப்பைப் பச்சையாக்கும், மாலை வெயில் செம்மையாக்கும். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன.

முதலில் வால். பூட்டட்டின் வால்நுனி ஏறக்குறைய நேராக வெட்டியதுபோல் இருக்கும். ஓர இறகுகளில் வெளிறிய விளிம்பு உண்டு, வாலைச் சட்டென விரிக்கும்போது அது மின்னிப் போகும். இறகு தேய்ந்துவிட்டால் தெரியாது. பிளித்தின் வால்நுனி வளைவானது, வெண்மை இல்லை. வாலடி இறகுகள் நீளம் என்பதால் பின்பகுதி கனத்துத் தெரியும்.

அடுத்து முகம். பிளித்துக்கு நீண்ட அலகு, சரிந்த நெற்றி. புருவக்கோடு கண்ணுக்கு முன்னால் பளிச்சென்று இருந்து, பின்னால் மங்கிவிடும். பூட்டட்டுக்குச் சிறிய அலகு, உருண்டைத் தலை. புருவக்கோடு கண்ணைத் தாண்டியும் போகும், அதன் மேல் ஓரத்தில் கருமை படிந்திருக்கும்.

எல்லாவற்றிலும் கடினமானது சைக்ஸ் வார்ப்ளரை (Sykes's Warbler) பூட்டட்டிலிருந்து பிரித்தறிவது. ஒரு காலத்தில் பூட்டட்டின் துணையினமாகவே அதைக் கருதினார்கள். அலகும் வாலும் அதற்குச் சற்று நீளம், முகம் வெறுமையாக இருக்கும். கீழ் அலகின் நுனியைக் கவனியுங்கள்: பூட்டட்டில் தெளிவான கருமை, சைக்ஸில் ஏறக்குறைய முழுவதும் வெளிறியிருக்கும், மிஞ்சினால் லேசான கறை.

இதற்குப் பக்கவாட்டுப் படம் வேண்டும். கீழிருந்து எடுத்த படத்தில் வயிறுதான் இருக்கும். ஓடித் துரத்தாமல் புதருக்குச் சற்றுத் தள்ளிப் பத்து நிமிடம் அசையாமல் நின்றால் பறவை ஓரத்துக்கு வரும். அலகும் வாலும் படத்தில் விழவில்லையா? உங்கள் பறவைப் பட்டியலில் "பூட்டட் அல்லது சைக்ஸ்" என்றே பதியுங்கள்.