வலிக்காத கட்டி

காவிரி டெல்டாவில் உடம்பு நோவுக்கும் பருவக் கணக்கு உண்டு. குறுவை நடவு முடியட்டும், சம்பா அறுப்பு முடியட்டும், தை பிறக்கட்டும் என்று மருத்துவமனையைத் தள்ளிப்போடாத வீடு இங்கே குறைவு. மூட்டு வலியென்றால் இந்தக் கணக்கால் பெரிய நட்டமில்லை. மார்பில் தட்டுப்படும் கட்டிக்கு மட்டும் இது ஒத்துவராது.

முதல் சிக்கல், அது வலிப்பதில்லை என்பதுதான். பாலூட்டும் தாய்க்குப் பால் கட்டிச் சீழ் பிடித்தால் காய்ச்சலும் குத்தலும் வந்து அன்றைக்கே ஆளை எழுப்பிவிடும். புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் அப்படி அழற்சியை உண்டாக்காமல், சுற்றியுள்ள திசுக்களுக்குள் மெல்லப் புகுந்து வளர்கிறது. வலிக்காததால் நாற்று நடுவதும் தடைப்படாது, களையெடுப்பதும் தடைப்படாது. வலிக்கிற மார்பைப் பற்றித்தான் பெண்கள் பயப்படுகிறார்கள். பெரும்பாலான மார்பு வலிகளுக்குப் புற்றுநோயோடு தொடர்பே இல்லை.

வளர்ச்சிக் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம். ஓர் உயிரணு இரண்டாகி, இரண்டு நான்காகி, இப்படி ஏறக்குறைய 30 முறை இரட்டித்தால் சுமார் 100 கோடி அணுக்கள் சேரும். அது ஏறத்தாழ 1 செ.மீ. கட்டி. ஒரு முறை இரட்டிக்க ஆகும் காலம் கட்டிக்குக் கட்டி மாறும். பல கட்டிகளில் அது மாதக்கணக்கு. ஆகவே விரலுக்குத் தட்டுப்படும் நாளில் அந்தக் கட்டிக்குப் பல வயது ஆகியிருக்கும். அதன் பிறகு அது 2 செ.மீ. ஆவதற்கு இன்னும் மூன்றே இரட்டிப்புகள் போதும், ஏனென்றால் விட்டம் இரு மடங்கானால் கன அளவு எட்டு மடங்கு. நான்கு மாதத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் கட்டி ஓராண்டில் அந்த அளவை எட்டிவிடும். மருத்துவர்கள் அளவைக் கொண்டு தரம் பிரிக்கையில் முதல் கோடு போடுவது 2 செ.மீ.யில், அடுத்தது 5 செ.மீ.யில். குறுவை விதைப்பில் கண்டதைத் தை அறுவடை தாண்டிக் காட்டுவதென்றால் அந்தக் கோடுகளில் ஒன்றைத் தாண்டிவிட்டிருக்கலாம்.

விரலுக்கு முன்பே பார்க்கும் கருவி மேமோகிராம். குறைந்த ஆற்றல் கொண்ட எக்ஸ்ரே கதிர்கள் கொழுப்பை எளிதில் ஊடுருவும்; படத்தில் அது கறுப்பாக விழும். பால் சுரப்பித் திசு கதிர்களை அதிகம் தடுப்பதால் வெள்ளையாகத் தெரியும். புற்றுக் கட்டியும் வெள்ளைதான். மாதவிடாய் நின்ற பெண்களுக்குச் சுரப்பித் திசு சுருங்கிக் கொழுப்பு கூடியிருப்பதால் கறுப்பில் வெள்ளைக் கட்டி பளிச்சென்று தெரியும். முப்பது வயதுப் பெண்ணிடமோ வெள்ளைக்குள் வெள்ளை ஒளிந்துகொள்ளும். அவர்களுக்கு அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் உதவும். நம் நாட்டில் இந்நோய் மேலை நாடுகளைவிட ஏறக்குறைய பத்தாண்டு முன்னதாகவே வருவதால் இந்த வேறுபாடு நமக்குச் சிறிய விஷயமல்ல. படமெடுக்கும்போது இரு தட்டுகளுக்கு இடையில் மார்பை அழுத்துவதைப் பலர் குறை சொல்வார்கள். அழுத்தினால்தான் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் திசுக்கள் விரியும், குறைந்த கதிரிலேயே தெளிவான படம் கிடைக்கும். அரை மில்லிமீட்டருக்கும் சிறிய சுண்ணாம்புத் துகள்கள்கூட அதில் தெரியும். பால் நாளத்தைவிட்டு இன்னும் வெளியேறாத புற்றின் அடையாளமாகவும் அவை இருக்கலாம்.

முன்னதாகக் கண்டுபிடித்தால் ஆயுள் கூடும் என்பது கேட்க எளிது, நிரூபிக்கக் கடினம். மயிலாடுதுறையில் ரயில் ஏறியவர் கும்பகோணத்தில் ஏறியவரைவிட அதிக நேரம் பயணம் செய்கிறார். தஞ்சாவூரில் இருவரும் ஒரே நேரத்தில்தான் இறங்குகிறார்கள். நோயை முன்னதாகக் கண்டதால் ‘நோயோடு வாழ்ந்த ஆண்டுகள்’ கூடியதாகத் தெரிவதும் இப்படி ஒரு மாயையாக இருக்கலாம். அதனால் இரு குழுக்களாகப் பிரித்து இறப்புகளையே எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது.

ஷாங்காயில் 2,66,064 நெசவாலைப் பெண்களை இரு குழுக்களாகப் பிரித்து ஒரு குழுவுக்கு மட்டும் சுயபரிசோதனை கற்றுக்கொடுத்தார்கள். 2002இல் வெளியான முடிவில் மார்புப் புற்றால் நேர்ந்த இறப்பு எண்ணிக்கை கற்றவர்களில் 135, கல்லாதவர்களில் 131. பயனில்லை. மும்பையில் டாட்டா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கிய ஆய்வில் 35 முதல் 64 வயது வரையிலான 1,51,538 பெண்கள். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணிப் பெண்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தார்கள். அவர்கள் மருத்துவர்கள் அல்லர். 2021இல் வந்த முடிவின்படி 50 வயதைத் தாண்டியவர்களில் மார்புப் புற்றால் நேரும் இறப்பு சுமார் 30 விழுக்காடு குறைந்தது. அதற்குக் குறைந்த வயதினரிடம் அந்தப் பயன் தெளிவாகத் தெரியவில்லை.

என் பார்வையில் டெல்டாவுக்கு மும்பை முடிவுதான் முக்கியம். மேமோகிராம் கருவி ஊருக்கு ஊர் வரப்போவதில்லை. பயிற்சி பெற்ற செவிலியரின் கை ஆரம்ப சுகாதார நிலையம் வரைக்கும் வரும். 30 முதல் 65 வயதுப் பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை இந்தப் பரிசோதனை என்பது 2016ஆம் ஆண்டின் தேசிய வழிகாட்டுதல். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கப் போகும் நாளிலேயே இதையும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

அப்படியானால் சுயபரிசோதனை வீணா? அதை மட்டும் நம்பியிருப்பது வீண். ஆனால் கட்டியை முதலில் காண்பவர் பெரும்பாலும் அந்தப் பெண்ணேதான். தன் மார்பின் இயல்பை அறிந்தவருக்கு மாற்றம் சீக்கிரம் புரியும். மாதவிலக்கு முடிந்த சில நாட்களில் வீக்கமும் கனமும் குறைந்திருக்கும்; அப்போது நடு மூன்று விரல்களின் தட்டைப் பகுதியால் காறை எலும்பிலிருந்து கீழ்வரை, அக்குள் உட்பட, வரிசை வரிசையாகத் தடவிப் பார்க்கலாம். பாதியளவுப் புற்றுகள் அக்குளை ஒட்டிய மேல் வெளிப்புறத்தில்தான் வருகின்றன, சுரப்பித் திசு அங்கேதான் அதிகம். வழுக்கி நகரும் கட்டி பெரும்பாலும் சாதாரண நார்க்கட்டி. கல் போலக் கெட்டியாகப் பதிந்திருப்பது கவலைக்குரியது. தோலில் குழி விழுவது, உள்ளிருக்கும் நார்களைக் கட்டி இழுப்பதால். ஆரஞ்சுத் தோல் போல் துளைத் துளையாக வீங்குவது, நிணநீர் வழிகள் அடைபடுவதால். புதிதாக உள்ளிழுத்த காம்பும், அதிலிருந்து வரும் ரத்தக் கசிவும் தள்ளிப்போடக்கூடிய அறிகுறிகள் அல்ல.

கடைசித் தடை, கட்டியிலிருந்து சதை எடுத்துப் பார்க்கும் ஊசி. ‘ஊசி குத்தினால் பரவிவிடும்’ என்ற பேச்சால் பச்சிலை கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்கள் உண்டு. முற்றிய பிறகு வந்தவர்களுக்கு ஊசிக்கு முன்பே பரவியிருக்கும். பழி ஊசியின்மேல் விழுகிறது. ஊசி வழியில் சில அணுக்கள் நகரலாம்தான், ஆனால் அதனால் உயிருக்கு ஆபத்து கூடுவதாகத் தெரியவில்லை. மரத்துப்போக மருந்து கொடுத்து, சற்றுத் தடித்த ஊசியால் நூல் போன்ற சதைத் துணுக்கை எடுப்பார்கள். அது புற்றா இல்லையா என்பதோடு, ஹார்மோன் மாத்திரைக்குக் கட்டுப்படும் வகையா என்பதையும் அந்தத் துணுக்கிலேயே பார்த்துவிடலாம்.