‘அது வெறும் மோட் தான் அங்கிள்’

பள்ளிக்கூட லீவு விட்டு மூன்று வாரம்தான் ஆகிறது. அதற்குள் கருந்துளையால் அடிபட்ட லேப்டாப் நான்கு என் ரிப்பேர் மேசைக்கு வந்துவிட்டன. நாலாவது வந்த அன்று ராத்திரி, பாதி ஷட்டரை இறக்கிவிட்டு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அஞ்சாவது வருவதற்குள் நாலு பேராவது படித்தால் சரி.

நான் சொல்வது விண்வெளிக் கருந்துளை இல்லை, மைன்கிராஃப்ட் கருந்துளை. கட்டம் கட்டமாக அடுக்கி வீடு, பாலம், ஊர் என்று கட்டிக்கொண்டே போகும் விளையாட்டு அது. ஒரு ஊரையே கட்டி முடித்தவனுக்கு அடுத்து வரும் ஆசை, அதை எதையாவது விட்டு விழுங்க வைத்துப் பார்ப்பது. விளையாட்டில் கருந்துளை இயல்பாகக் கிடையாது. விளையாட்டில் இல்லாததைச் சேர்க்க வெளியே யாரோ எழுதிய மோட் போட்டுத்தான் பெரும்பாலும் கொண்டுவருகிறார்கள். வீடியோவில் பார்த்தால் எனக்கே கை பரபரக்கிறது: நடுவில் ஒரு கறுப்பு உருண்டை, சுற்றிலும் ஆரஞ்சு வளையம், மரம், மாடு, மலை எல்லாம் பிய்ந்து பறந்து அதற்குள் போகின்றன. எட்டாம் வகுப்புப் பையன் ஆசைப்படுவதில் ஒரு தப்பும் இல்லை.

நாலாவது லேப்டாப்பின் சொந்தக்காரர் கடைகளுக்கு வரிக்கணக்கு எழுதிக் கொடுப்பவர். பையனையும் கூட்டிக்கொண்டு வந்தார். “ரொம்ப ஸ்லோவா இருக்கு சார், ஃபார்மட் அடிச்சுக் குடுத்துடுங்க” என்றார். என்ன ஆச்சு என்று கேட்டதும் பையன் பக்கம் திரும்பினார். பையன் தரையைப் பார்த்துக்கொண்டு, “பிளாக் ஹோல் மோட் போட்டேன். அது வெறும் மோட் தான் அங்கிள்” என்றான்.

டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தேன். பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டிய ஒரு ஜிப். பாஸ்வேர்டு வீடியோவுக்குக் கீழேயே எழுதியிருந்ததாம்: 1234. எல்லோருக்கும் தெரியும்படி சாவியை வாசலிலேயே தொங்கவிட்டு எதற்காக ஒரு பூட்டு? ஆன்டிவைரஸ் உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்காக. வேறு காரணமே கிடையாது. ஜிப்புக்குள் ‘பிளாக்ஹோல் டாட் ஜார்’ என்று ஒரு ஃபைல், ஜாவா மோட் ஃபைலுக்கு வரும் காபிக் கோப்பை ஐகானோடு. விண்டோஸ் ஃபைல் பெயரின் வாலை மறைத்துத்தான் காட்டும். மறைக்காதே என்று டிக் அடித்ததும் அந்தப் பெயருக்குப் பின்னால் இன்னொரு வால் முளைத்தது: டாட் ஈஎக்ஸ்ஈ, அதாவது சொடுக்கியதும் விண்டோஸில் நேராக ஓடும் நிரல். காபிக் கோப்பை வெறும் ஒட்டுப்படம்.

“விண்டோஸோட ஆன்டிவைரஸ், அந்த டிஃபெண்டர் கத்தலையாடா?”

“கத்துச்சு அங்கிள். ஃபால்ஸ் பாசிட்டிவ், சும்மா தப்பா கத்தும்னு வீடியோல முன்னாடியே சொல்லிட்டாங்க. ஆஃப் பண்ணிட்டுத்தான் போட்டேன்.”

‘ராத்திரி வருவேன், நாய் குரைக்கும், அதைக் கட்டிப் போட்டுடுங்க’ என்று திருடனே பகலில் வந்து சொல்லிவிட்டுப் போக, நாமும் சங்கிலியைத் தேடி எடுத்துக் கட்டுகிறோம்.

இனி, நான் தொண்டை வறளச் சொல்லியும் யாரும் கேட்காத விஷயம். மோட் என்பது படம் இல்லை. சட்டை மாற்றுகிற மாதிரி ஆளின் தோற்றத்தை மட்டும் மாற்றும் ஸ்கின் இல்லை. ‘கேம் ஃபைல் கேமுக்குள்ளேதானே இருக்கும்’ என்று அப்பா, அம்மா, கணினி சொல்லிக்கொடுக்கும் டீச்சர் வரை எல்லோரும் நினைக்கிறார்கள். இருக்காது. மைன்கிராஃப்ட்டின் ஜாவா பதிப்பில் மோட் என்பது முழுக்க முழுக்க ஒரு நிரல். ஃபோர்ஜ், ஃபேப்ரிக் மாதிரி ஒரு லோடர் வழியாக விளையாட்டோடு சேர்ந்து அதுவும் ஓடும். லேப்டாப்பில் உங்கள் பையன் எதையெல்லாம் திறக்க முடியுமோ அதையெல்லாம் மோடும் திறக்கும். கருந்துளை வரைவதற்கு எந்த அனுமதியோ, அதே அனுமதியில் உங்கள் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரைப் படித்து வெளியே அனுப்பவும் முடியும். இடையில் சுவர் கிடையாது. திரும்பவும் சொல்கிறேன், சுவர் கிடையாது. வீட்டில் பெயின்ட் அடிக்க வந்தவரிடம் பீரோ சாவி வரைக்கும் கொத்தாகக் கொடுத்துவிட்டு, ‘சுவரை மட்டும்தான் தொடுவார்’ என்று நம்புவது போல. நல்லவராக இருந்தால் சுவரை மட்டும்தான் தொடுவார். மோட் எழுதுபவர்களில் பெரும்பாலோர் நல்லவர்கள், காசு வாங்காமல் ராத்திரி கண் விழித்து எழுதுகிறவர்கள். ஆனால் சாவி என்னவோ எல்லோருக்கும் ஒரே கொத்துதான் போகிறது.

‘ஜாவா’ என்ற பெயரைக் கேட்டதும் காலேஜ் பாடம் என்று கடந்து போகிறவர்களுக்கு ஒரு பழைய கதை. 2021 டிசம்பரில் ஜாவா நிரல்கள் பல பயன்படுத்தும் ஒரு துணை நிரலில் இருந்த லாக்4ஷெல் என்ற ஓட்டை உலகத்து சர்வர்களையெல்லாம் ஆட்டி வைத்தது. அது முதலில் வெளியே தெரிந்த இடங்களில் ஒன்று மைன்கிராஃப்ட். சாட்டில் ஒரு வரி தட்டினால் போதும், எதிர்முனைக் கணினியில் நினைத்ததை ஓட்டலாம். 1.18.1 பதிப்பில் அடைத்தார்கள். பையன்கள் திருட்டு லாஞ்சரில் பழைய பதிப்பை ஓட்டிக்கொண்டிருந்தால் அந்த ஓட்டை அடைபட்டதா என்று யாருக்குத் தெரியும்?

நல்ல தளத்தில்தானே எடுத்தோம் என்பார்கள். நல்ல தளம் நல்லதுதான், அங்கேயே எடுங்கள். ஆனால் 2023 ஜூனில் மோட்களுக்கான பெரிய தளமான கர்ஸ்ஃபோர்ஜிலேயே சில மோட்களுக்குள்ளும் மோட்பேக்குகள் என்ற மோட் தொகுப்புகளுக்குள்ளும் ஃபிராக்சரைசர் என்ற நச்சு நிரல் புகுந்திருந்தது. பிரவுசரில் இருக்கும் குக்கிகள், டிஸ்கார்ட் கணக்கு, மைக்ரோசாஃப்ட் கணக்கு எல்லாவற்றையும் அள்ளும். அதோடு விடாமல் அந்தக் கணினியில் இருக்கும் மற்ற ஜார் ஃபைல்களுக்குள்ளும் தன்னை நுழைத்துக்கொள்ளும். நேற்று வரை நல்லதாக இருந்த மோடும் இன்று கெட்டது. அது ஒளிந்துகொண்ட இடத்தை நான் இன்னும் மறக்கவில்லை: ‘மைக்ரோசாஃப்ட் எட்ஜ்’ என்ற பெயரில் ஒரு ஃபோல்டர். உண்மையான எட்ஜ் பிரவுசர் ‘மைக்ரோசாஃப்ட்’ ஃபோல்டருக்குள் ‘எட்ஜ்’ என்று தனியாக இருக்கும். இதுவோ இரண்டு சொல்லையும் சேர்த்து ஒரே ஃபோல்டர். யார் கண்ணில் படும்? 2025 ஜூனில் செக்பாயின்ட் என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இன்னொன்றைச் சொன்னார்கள். நிரல் எழுதுபவர்கள் தங்கள் நிரல்களைப் போட்டு வைக்கும் கிட்ஹப் தளத்தில் மோட் வேடத்தில் கிடந்த ஃபைல்கள், மைன்கிராஃப்ட் இருக்கும் கணினியில் மட்டும்தான் வேலையைக் காட்டும். சோதனைக்கூடத்துக் கணினியில் எவன் மைன்கிராஃப்ட் போட்டு வைத்திருப்பான்? அதனால் ஆன்டிவைரஸ்கள் கோட்டை விட்டன. 2023-லேயே 30 கோடிப் பிரதி விற்றுவிட்டதாக அறிவித்த விளையாட்டு இது. திருடன் கூட்டம் இருக்கும் திருவிழாவுக்குத்தான் வருவான்.

சரி, ஃபார்மட். ‘ஃபார்மட் அடிச்சா எல்லாம் போயிடும்ல?’ என்று கேட்கிறார்கள். உங்கள் பக்கம் இருப்பது போகும், அவன் பக்கம் போனது போனதுதான். ஜிமெயிலில் ஒருமுறை நுழைந்தபின் பிரவுசர் ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டு கேட்பதில்லை, இல்லையா? உள்ளே, குக்கி என்ற பெயரில், ஒரு டோக்கன் வைத்திருக்கிறது. கோயில் வாசலில் செருப்பு விட்டால் கொடுக்கும் டோக்கன் மாதிரி. டோக்கன் யார் கையில் இருக்கிறதோ அவருக்குச் செருப்பு, முகத்தையெல்லாம் பார்க்க மாட்டார்கள். அந்த டோக்கனைத்தான் எடுத்துக்கொண்டு போகிறான். பாஸ்வேர்டு வேண்டாம், ஓடிபி வேண்டாம். வரிக்கணக்கு எழுதுபவரின் லேப்டாப்பில் அவருடைய டோக்கன் மட்டுமா இருக்கும்? ஜிஎஸ்டி பாஸ்வேர்டுகளை ஒரு எக்செல் ஷீட்டில் வரிசையாகப் போட்டு டெஸ்க்டாப்பிலேயே வைத்திருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அவரே ஷீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

முதல் வேலை: அந்த லேப்டாப்பின் வைஃபையை அணையுங்கள். இரண்டாவது: வேறு ஒரு போனிலிருந்து, கவனியுங்கள், வேறு போனிலிருந்து, பாஸ்வேர்டுகளை மாற்றி, ‘எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு’ என்பதை அழுத்துங்கள். அப்போதுதான் பழைய டோக்கன் செல்லாமல் போகும். நச்சு இருக்கும் லேப்டாப்பிலேயே உட்கார்ந்து புது பாஸ்வேர்டு தட்டுகிறவர்களை என்ன சொல்வது? அதையும் அவனுக்கே ஒப்பிக்கிறார்கள். இதெல்லாம் முடிந்தபிறகு ஃபார்மட்டுக்குக் கொண்டுவாருங்கள், அடித்துத் தருகிறேன்.

மற்ற மூன்றில் ஒன்று இதே ரகம். இன்னொன்றில் நச்சும் இல்லை, ஒன்றும் இல்லை. 4 ஜிபி ரேம், மெத்தைமேல் வைத்து விளையாடி விசிறி முழுக்கப் பஞ்சு. துடைத்துக் கொடுத்தேன்.

மிச்சம் இருப்பது பஸ் ஸ்டாண்ட் கதை. அண்ணன் தம்பி இரண்டு பேர், எங்கள் ஊர் பேருந்து நிலையத்தை அப்படியே கட்டியிருந்தார்கள். 14 பிளாட்பாரம், டீக்கடை, கட்டணக் கழிப்பறை, நேரக்காப்பாளர் கூண்டு உட்பட. ஒன்றரை வருஷ வேலை. மோட் நல்ல மோட்தான், நல்ல தளத்தில் எடுத்ததுதான். கருந்துளையை மூன்றாவது பிளாட்பாரத்தில் வைத்தார்கள். இழுக்கும் தூரம் 25 கட்டம் என்று இருந்ததை 50 ஆக்கினார்கள். இரண்டு மடங்குதானே என்று நினைத்திருக்கிறார்கள். அது உருண்டை, எட்டு மடங்கு. 25 கட்ட ஆரத்துக்குள் சுமார் 65 ஆயிரம் கட்டம் என்றால், 50-க்குள் 5 லட்சத்து 23 ஆயிரம். மைன்கிராஃப்ட்டில் மணல், சரளை மாதிரி சிலதைத் தவிர எதுவும் தானாக விழாது, அந்தரத்தில் நிற்கும். அதனால் கருந்துளை ஒவ்வொரு கட்டத்தையும் சுவரிலிருந்து பிடுங்கிப் பறக்கும் பொருளாக்கி இழுக்க வேண்டும். விளையாட்டு ஒரு விநாடிக்கு 20 முறை உலகத்தைக் கணக்குப் பார்க்கிறது, ஒரு முறைக்கு 50 மில்லிவிநாடிதான் அவகாசம். லேப்டாப் உறைந்துபோனதில் என்ன ஆச்சரியம்? (நிஜக் கருந்துளை இப்படி வேக்குவம் கிளீனர் மாதிரி உறிஞ்சாது. சூரியன் இருக்கும் இடத்தில் அதே எடையில் ஒரு கருந்துளையை வைத்தால் பூமி வழக்கம்போலச் சுற்றிக்கொண்டிருக்கும், குளிரில் நாம் செத்திருப்போம். தம்பிக்காரனிடம் சொன்னேன், நம்பவில்லை.)

உறைந்ததோடு விட்டிருந்தால் பிழைத்திருக்கும். அண்ணன்காரன் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டான், உலகம் சேமிக்கப்பட்டுக்கொண்டிருந்த நேரத்தில். மைன்கிராஃப்ட் உலகத்தை 512-க்கு 512 கட்டம் கொண்ட வட்டாரங்களாகப் பிரித்து, வட்டாரத்துக்கு ஒரு ஃபைலாக வைக்கிறது. பேருந்து நிலையம் இரண்டு வட்டாரத்தில் கால் வைத்து நின்றிருக்கிறது. அதில் ஒரு ஃபைலின் அளவு இப்போது பூஜ்யம். மோடை எடுத்துவிட்டு உலகத்தைத் திறந்து காட்டினேன். 8 முதல் 14 வரை பிளாட்பாரங்கள் பளபளவென்று நிற்கின்றன. ஏழாவது பிளாட்பாரம் நடுவோடு கத்தி வைத்து அறுத்த மாதிரி, அந்தப் பக்கம் புதுப் புல்வெளி. ஒரு ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. பேக்கப் இருக்கிறதா என்றேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

தம்பிகளா, தங்கைகளா, கெஞ்சிக் கேட்கிறேன். உலகப் பட்டியலில் ‘எடிட்’ போனால் பேக்கப் எடுக்க ஒரு பட்டன் இருக்கிறது. ஒரே அழுத்து. கருந்துளையை ஆசைதீர விட்டுப் பார்க்கத் தனியாக ஒரு தட்டை உலகம் உருவாக்குங்கள், கட்டிய ஊரில் விடாதீர்கள். தூரத்தை அஞ்சு அஞ்சு கட்டமாக ஏற்றுங்கள். உறைந்தால் அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போங்கள், பவர் பட்டனில் கை வைக்காதீர்கள்.

அப்புறம், மோடே இல்லாமலும் கருந்துளை செய்யலாம், தெரியுமா? எழுதிய கட்டளையை ஓட்டும் கட்டளைக் கட்டம் (கமாண்ட் பிளாக்) ஒன்றை எடுத்து, ஊதா நிறத்துக்கு, அதாவது திரும்பத் திரும்ப ஓடும் வகைக்கு, மாற்றுங்கள். 20 கட்டத்துக்குள் இருக்கும் ஆடு மாடு எல்லாவற்றையும் நடுப்புள்ளியைப் பார்க்கத் திருப்பி, ஒவ்வொரு முறையும் ஒரு கட்டத்தில் பத்தில் ஒரு பங்கு முன்னே நகர்த்தச் சொல்லுங்கள். விநாடிக்கு 20 முறை ஓடுவதால் விநாடிக்கு இரண்டு கட்டம் இழுக்கும். கட்டிடத்தைத் தின்னாது, மாட்டைத் தின்னும். இதையே அழகாக எழுதி டேட்டாபேக் என்று தருகிறார்கள். அது விளையாட்டின் கட்டளைகளை மட்டும்தான் பேசும், உங்கள் டாக்குமென்ட்ஸ் பக்கம் அதனால் வர முடியாது. முதலில் அதைத் தேடுங்கள். கிடைக்காவிட்டால் மட்டும் மோட். மோட் என்றால் கர்ஸ்ஃபோர்ஜ் அல்லது மோட்ரிந்த் போன்ற பெரிய தளத்திலிருந்து, பல காலமாக இருக்கிற, பலர் இறக்கிய மோட். வீடியோவுக்குக் கீழே இருக்கும் லிங்க் வேண்டாம். பாஸ்வேர்டு போட்ட ஜிப் வேண்டவே வேண்டாம். வால் ஈஎக்ஸ்ஈ என்றால் அது மோட் இல்லை, அழியுங்கள். ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும் எவனையும் நம்பாதீர்கள், அவன் எவ்வளவு அழகாகத் தமிழ் பேசினாலும்.

போனில் விளையாடும் பிள்ளைகளுக்கு: பெட்ராக் பதிப்புக்கான ஆட்-ஆன் விளையாட்டுக்குள்ளேயே அடங்கி ஓடும், பயமில்லை. ‘கருந்துளையோடு சேர்த்த மைன்கிராஃப்ட் ஏபிகே’ என்று வருவதுதான் விஷம். அது ஆட்-ஆன் இல்லை, யாரோ பிரித்து மேய்ந்த முழு ஆப்.

பெற்றோர்களே, பிள்ளைக்குத் தனி லேப்டாப் வாங்கித் தர முடியாவிட்டால் பரவாயில்லை. விண்டோஸில் தனி யூசர் கணக்கு போட ஐந்து நிமிடம்தான் ஆகும், அட்மின் பாஸ்வேர்டு உங்களிடமே இருக்கட்டும். உங்கள் தொழில் கணக்கும் அவன் மாடும் ஒரே கொட்டிலில் வேண்டாம். திட்டாதீர்கள் என்பது இன்னொன்று. வரிக்கணக்குக்காரர் பையன் இரண்டு நாள் அப்பாவிடம் சொல்லாமல் பயந்துபோய் மறைத்திருக்கிறான். அந்த இரண்டு நாளும் லேப்டாப் வைஃபையோடு திறந்தேதான் இருந்திருக்கிறது.

வங்கிக் கணக்கிலிருந்து பணமே போயிருந்தால் முதலில் சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் போடுங்கள், அந்த நிமிஷமே. கடைக்கு அப்புறம் வரலாம், நான் ஒன்பது மணி வரைக்கும் இருப்பேன்.