கரிமத் தடம்

ஒரு மனிதர், ஒரு வீடு, ஒரு ஆலை, ஒரு நாடு என யாராக இருந்தாலும், அவர்களால் காற்றில் கலக்கும் புவி சூடேற்றும் வாயுக்களின் மொத்த எடைதான் கரிமத் தடம். கார்பன் ஃபுட்பிரிண்ட் என்று சொல்கிறோமே, அதற்கான தமிழ். பைக்கில் எரியும் பெட்ரோலோடு கணக்கு முடிந்துவிடாது. அந்த பைக்குக்கான இரும்பை உருக்க எரித்த நிலக்கரியும் நம் பெயரில்தான் எழுதப்படும்.

எடை என்றதும் சிலருக்குச் சந்தேகம் வரும். ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை முக்கால் கிலோவை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் அது எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு (கார்பன் டை ஆக்சைடு) வருகிறது. முக்கால் கிலோவுக்குள் 2.3 கிலோ எப்படி அடங்கியது? அடங்கவில்லை. பெட்ரோலில் உள்ள ஒவ்வொரு 12 கிராம் கார்பனும் எரியும்போது காற்றிலிருந்து 32 கிராம் ஆக்சிஜனை இழுத்துக்கொண்டு 44 கிராமாக வெளியேறுகிறது. கூடுதல் எடை காற்றிலிருந்து வந்தது.

மீத்தேன் போன்ற மற்ற வாயுக்களையும் இதே கணக்கில்தான் சேர்ப்பார்கள். நூறாண்டுக் காலத்தை எடுத்துக்கொண்டால் ஒரு கிலோ மீத்தேன் சுமார் 28 கிலோ கரியமில வாயுவுக்குச் சமமாகச் சூடேற்றும். சென்னையின் பெருங்குடி, கொடுங்கையூர் மாதிரிக் குப்பை மேடுகளில் மட்கி மீத்தேனை விடும் மிச்சச் சோறும் காய்கறித் தோலும் இந்த வழியாகத்தான் கணக்குக்குள் வருகின்றன.

இப்போது சொல்லின் பிறப்பு. இதில் ‘ஃபுட்’ இருந்தாலும் மணலில் பதியும் காலடிக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் ரீஸ், ஒரு நகரம் உயிர்வாழ எவ்வளவு நிலமும் நீரும் வேண்டியிருக்கிறது என்று கணக்கிட்டு வந்தார். அதற்கு முதலில் அவர் வைத்திருந்த பெயர் வாயில் நுழையாத நீளம். புதிதாக வந்த கணினியைப் பார்த்த தொழில்நுட்பப் பணியாளர், மேசையில் இது எவ்வளவு கொஞ்சம் இடம் பிடிக்கிறது என்று மெச்ச, அவர் சொன்ன ‘ஃபுட்பிரிண்ட்’ ரீஸுக்குப் பிடித்துப்போனது. 1992ல் சூழலியல் தடம் என்ற பொருளில் கட்டுரையே எழுதிவிட்டார். அவருடைய மாணவர் மத்தீஸ் வாக்கர்நாகல் அந்தக் கணக்கு முறையை விரிவாக்கினார். ஆக, அங்கே ஃபுட்பிரிண்ட் என்றால் அடைத்துக்கொள்ளும் இடம். அளவும் ஹெக்டேரில்தான் இருந்தது. அதிலிருந்து கார்பன் கணக்கு தனியாகப் பிரிந்தபோது ஹெக்டேர் போய் டன் வந்தது. பெயர் மட்டும் மாறவில்லை.

இந்தச் சொல்லை ஊரெல்லாம் கொண்டுபோனது பி.பி. என்ற எண்ணெய் நிறுவனம். 2000களின் நடுவில் பெரிய விளம்பரங்கள் போட்டு, உங்கள் கரிமத் தடம் எவ்வளவு என்று பொதுமக்களைக் கேட்டது. கணக்குப் போட்டுப் பார்க்க இணையத்தில் ஒரு கருவியையும் வைத்தது. எண்ணெய் விற்பவரே வாங்குபவரிடம் ‘நீ எவ்வளவு எரித்தாய்’ என்று கேட்பது நல்ல வேடிக்கை! பழியைத் தனி ஆளின் தலையில் கட்டும் தந்திரம் இது என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். எனக்கும் அதில் மறுப்பில்லை. அதற்காகச் சொல்லையே தூக்கிப்போட வேண்டும் என்று தோன்றவில்லை. கணக்கு யார் கேட்டாலும் கணக்குதான்.

தமிழில் இதற்குப் பல வடிவங்கள் உலவுகின்றன: கார்பன் தடம், கரிமத் தடம், கரித்தடம், கார்பன் சுவடு, கரிமக் காலடி. கார்பன் என்பது லத்தீனில் கரியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. நம் கரிமமும் கரியிலிருந்தே பிறந்ததால் இரண்டும் ஒரே வழியில் வந்தவை. கரியமில வாயு பழைய தலைமுறைச் சொல். தண்ணீரில் கரைந்தால் அமிலமாகும் வாயு என்பதால் வந்த பெயர். பாடநூல்கள் கார்பன் டை ஆக்சைடுக்கு மாறிவிட்டன. இலங்கைத் தமிழில் காபன், காபனீரொட்சைட்டு. கரித்தடம் சுருக்கமாக அழகாக இருக்கிறது, ஆனால் அடுப்புக்கரி கையோடு சுவரைத் தொட்டதுபோல ஒரு படம் மனதில் வந்துவிடுகிறது. பழந்தமிழில் கரி என்றால் சாட்சி என்றும் பொருள் உண்டு. ‘இந்திரனே சாலுங் கரி’ என்று குறளில் வருவது அதுதான். சாட்சித் தடம் என்று படித்தாலும் பொருந்தத்தான் செய்கிறது, போகட்டும்.

காலடி, சுவடு இரண்டும் பாதத்தைத்தான் காட்டுகின்றன. தடத்துக்குப் பாதை, பதிவு, இடம் என்று பொருள் அகலமாக இருப்பதால் ரீஸ் நினைத்ததற்குக் கிட்டே வருகிறது. என் ஓட்டு கரிமத் தடத்துக்கே. பேச்சில் கார்பன் தடம் என்றாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

கூடவே வரும் இன்னொரு சொல்: ‘புவி வெப்பமயமாதல்’. தனியார்மயம், தாராளமயம் வரிசையில் யாரோ சேர்த்துவிட்ட ‘மயம்’ அது. புவி வெப்பமாதல் என்றாலே போதும்.

சரி, நம் வீட்டுத் தடம் எவ்வளவு? இந்தியாவில் கரியமில வாயு மட்டும் தலைக்கு ஆண்டுக்குச் சுமார் 2 டன். அமெரிக்காவில் 14 டன்னைத் தாண்டும். ஆனால் 2 டன் என்பது சராசரி. ஏசி, கார், விமானம் என்று வாழும் சென்னைக்காரர் அந்தச் சராசரிக்குள் ஒளிந்துகொள்ள முடியாது.

இந்தியாவில் முக்கால் பங்கு அளவுக்கு மின்சாரம் நிலக்கரியில் வருவதால், ஒரு யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு என்று வைத்துக்கொள்ளலாம். கரண்ட் பில்லில் உள்ள யூனிட்டை 0.7ஆல் பெருக்கினால் அந்த இரண்டு மாதத் தடம் வந்துவிடும். ஒன்றரை டன் ஏசி மணிக்கு ஒன்றேகால் யூனிட் இழுத்தால், எட்டு மணி நேரத்தில் 10 யூனிட், அதாவது 7 கிலோ. சமையல் சிலிண்டரின் 14.2 கிலோ எரிவாயு முழுதும் எரிந்தால் சுமார் 42 கிலோ. ஆறு இரவு ஏசிக்கு ஒரு சிலிண்டர்! அடுப்பைச் சிம்மில் வைத்து மிச்சம் பிடிக்கும் வீடுகளில் இந்த ஒப்பீட்டைச் சொல்லிப் பாருங்கள். ஏசியில் ஒரு டிகிரி கூட்டிவைத்தால் 6 சதவீதம் வரை மின்சாரம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் செயலகத்தின் கணக்கு. 2020 முதல் புது ஏசிகள் 24 டிகிரியில்தான் ஆரம்பிக்க வேண்டும் என்ற விதி வந்தது இதனால்தான். வாங்கியவுடன் 18க்குக் கொண்டுபோவது நம் கை.

ஃபேனை யாரும் பொருட்படுத்துவதில்லை. பழைய ஃபேன் 75 வாட், குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் வைத்த புதிய பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் அளவு. தினம் 12 மணி நேரம் ஓடினால் ஆண்டுக்கு 200 யூனிட்டுக்குச் சற்றுக் குறைவாக மிச்சம், ஏறக்குறைய 140 கிலோ. மூன்று சிலிண்டருக்கு மேல், ஒரே ஃபேனில்.

போக்குவரத்தில் வித்தியாசம் இன்னும் பளிச். அலுவலகம் போய்வர 20 கி.மீ. என்றால், லிட்டருக்கு 15 கி.மீ. தரும் காரில் தனியாகப் போனால் 3 கிலோ. 50 கி.மீ. தரும் பைக்கில் ஒரு கிலோவுக்குள். லிட்டர் டீசலுக்கு 4 கி.மீ. ஓடும் பேருந்தில் 50 பேர் இருந்தால் தலைக்குக் கால் கிலோ சொச்சம். பேருந்து அடிக்கடி வந்தால்தானே ஏறுவதற்கு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. தனி ஆள் கணக்கு முட்டி நிற்கும் இடமும் அதுதான். பேருந்து விடுவதும் மின்நிலையத்தை மாற்றுவதும் அரசின் கையில். மொட்டை மாடி சொந்தமாக இருப்பவர்கள் கொஞ்சம் தாண்டலாம். 2024ல் வந்த ஒன்றிய அரசின் திட்டத்தில் 3 கிலோவாட் சூரியத் தகட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. வாடகை வீட்டுக்காரருக்கு ஃபேன்தான் கதி.

எழுதுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. தடம் பதித்தல் என்பது தமிழில் சாதனைக்குச் சொல்வது. ‘நிறுவனம் 5,000 டன் கரிமத் தடம் பதித்தது’ என்று எழுதினால் பாராட்டு விழாச் செய்தி போலிருக்கும். தடம் கூடியது, குறைந்தது, இத்தனை டன்னாக இருந்தது என்று எழுதலாம். எண் போடும்போது அது ஒரு நாளைக்கா ஆண்டுக்கா, ஆளுக்கா வீட்டுக்கா என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.