மாலையில் மறையும் சிவப்பு: பூப்பாத்திக்கு நிறம் பார்ப்பது எப்படி?

குமரி மாவட்டம் தோவாளையில் கட்டும் மாணிக்கமாலை என்ற பூமாலையில் மூன்றே நிறம்: வெள்ளரளி, செவ்வரளி, பச்சை நொச்சி இலை. பகலில் சிவப்புதான் முதலில் கண்ணைப் பிடிக்கும். பொழுது சாய்ந்ததும் விளக்குப் போடாத திண்ணையில் அதே மாலையைப் பாருங்கள். சிவப்பு கறுத்துப்போய், வெள்ளை மட்டும் மிதக்கும். பாத்திக்கு நிறம் யோசிப்பவர்கள் பெரும்பாலும் இதை மறந்துவிடுகிறார்கள். என்ன நிறம் என்பதற்கு முன், எத்தனை மணிக்குப் பார்ப்போம் என்று கேட்க வேண்டும்.

பகலில் பார்வையை நடத்துபவை விழித்திரையின் கூம்புச் செல்கள். 555 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய மஞ்சள்பச்சை ஒளிதான் அவற்றுக்கு மிகப் பிரகாசம். வெளிச்சம் குறையும்போது வேலையை ஏற்கும் குச்சிச் செல்களுக்கோ உச்சம் 500ஐ ஒட்டி. 620க்கு மேற்பட்ட சிவப்பு அவற்றுக்கு ஏறக்குறைய இருட்டு. 19ஆம் நூற்றாண்டில் இதைக் கவனித்துச் சொன்ன செக் அறிஞரின் பெயரால் இது பூர்கினே விளைவு எனப்படுகிறது. குமரியில் ஆண்டு முழுக்கச் சூரியன் சுமார் 6 மணிக்கும் 6.45க்கும் இடையில் மறைகிறது. அந்தி வெளிச்சமும் அரைமணி நேரம் தாங்காது. வேலை முடிந்து வந்து முற்றத்தில் உட்காருபவருக்குச் செம்பருத்திப் பாத்தி வீண். பூவும் அதற்குள் கூம்பியிருக்கும்.

மாலைப் பாத்திக்கு 10 அடி நீளம், 4 அடி அகலம் போதும். முக்கால் அடி கொத்தி, 15 கிலோ மக்கிய சாணி உரம் கலந்து, தரையிலிருந்து அரையடி உயர்த்துங்கள். பின்வரிசையில் மூன்றடிக்கு ஒன்றாக மூன்று நந்தியாவட்டை. மூன்றடி உயரத்துக்கு மேல் விடாமல் வெட்டிவிட வேண்டும். நடுவில் ஒன்றரையடிக்கு ஒன்றாக ஆறு அந்திமந்தாரை, வெள்ளையோ மஞ்சளோ. முன்னால் வெள்ளை நித்தியகல்யாணி, அடிக்கு ஒன்றாகப் பத்து.

அந்திமந்தாரையை மலையாளத்தில் நாலுமணிப்பூ என்பார்கள். விரியும் நேரமே பெயர். இதில்தான் நிறத்திட்டம் அடிக்கடி கெடும். மிளகு போன்ற விதை தானாக விழுந்து முளைக்கும். பக்கத்து வீட்டில் கருஞ்சிவப்புச் செடி இருந்தால் மகரந்தம் கலந்து, அடுத்த தலைமுறையில் இளஞ்சிவப்பு தலைகாட்டும். சிவப்பும் வெள்ளையும் சேர்ந்தால் இடைநிறம் பிறக்கும் என்று மரபியலாளர் கார்ல் கோரன்ஸ் காட்டியது இந்தச் செடியில்தான். நிறம் மாறாமலிருக்க, பிடித்த செடியின் கிழங்கைத் தோண்டி நடுங்கள். தானாக முளைப்பதைப் பிடுங்கிவிடுங்கள். விதை விஷம், குழந்தைகள் இருக்கும் வீட்டில் கவனம்.

காலையில் பார்க்கும் பாத்திக்குச் சிவப்பைத் தாராளமாக வைக்கலாம். வெட்சி, கோழிக்கொண்டை, செம்பருத்தி எல்லாம் பச்சை இலைக்கு எதிரே எடுப்பாக நிற்கும். ஒன்றுவிட்டு ஒன்று நிறம் மாற்றி நடாதீர்கள். தள்ளி நின்று பார்த்தால் சிதறல்தான் தெரியும். ஒரே நிறத்தில் ஐந்தாறு செடி சேர்த்து நட்டால்தான் நிறம் நிற்கும். பத்துமணிப்பூ வெயிலேறித்தான் விரியும். ஏழு மணிக்கு வேலைக்குப் போகிறவருக்கு அது மொட்டு மட்டுமே.

குமரியின் மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் ஆனி மழையில் நித்தியகல்யாணி திடீரென வாடினால் வேரழுகல் என்று கொள்ளுங்கள். அரையடி மேடு அதற்காகத்தான். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசும் தோவாளைப் பக்கம் தண்ணீர் தேங்குவதைவிடச் சாய்வதுதான் தொல்லை. அங்கே கோழிக்கொண்டைக்குக் கம்பு ஊன்றி, தண்டு உரசாதபடி எட்டு வடிவில் வாழைநாரால் கட்டுங்கள்.