மனநலச் சிகிச்சைக்கு விடுப்பு எடுத்தாலும் இ.எஸ்.ஐ. பணம் உண்டு

திருப்பூர் பக்கம் பனியன் கம்பெனியில் டெய்லராக இருந்த ஒரு அக்காவை எனக்குத் தெரியும். பல வாரமாகத் தூக்கம் இல்லை. மெஷினில் உட்கார்ந்தால் கை ஓடாது, கண்ணீர்தான் வரும். லீவு கேட்கும்போதெல்லாம் 'தலைவலி' என்றே சொன்னார். கடைசியில் வேலையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அவருடைய சம்பளச் சீட்டில் மாதாமாதம் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடித்தம் இருந்தது. அது மனநோய்க்கும் உதவும் என்று யாருமே அவருக்குச் சொல்லவில்லை. இதை எழுதுவது அதனால்தான்.

10 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில், மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் (மாற்றுத்திறனாளிக்கு 25,000) இ.எஸ்.ஐ. உண்டு. நம் பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். 15,000 சம்பளம் என்றால் சீட்டில் 113 ரூபாய் பிடித்திருப்பார்கள். காய்ச்சலுக்கும் கை முறிவுக்கும் போலவே மனநலத்துக்கும் இதில் சிகிச்சை உண்டு. குடும்பத்தாருக்கும் சேர்த்துத்தான்.

சரி, வேலைக்குப் போகாத நாட்களுக்கு? முதலில் சாதாரண நோய்க்கால உதவி. ஓர் ஆண்டில் 91 நாள் வரை, சம்பளத்தில் 70 சதவீதம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான ஆறு மாதத்தில் 78 நாளுக்குச் சந்தா (அந்தப் பிடித்தப் பணம்தான்) கட்டியிருந்தால், அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை இதைக் கேட்கலாம். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு, ஜூலை முதல் டிசம்பர் வரை. வழக்கமாக முதல் 2 நாளுக்குப் பணம் வராது.

பலருக்கும் தெரியாதது இதற்கு அடுத்த கட்டம். நீண்டகால நோய்கள் என்று 34 நோய்களைப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். அவற்றுக்கு 80 சதவீதச் சம்பளம், 2 ஆண்டு வரை நீட்டிக்கலாம். காசநோய், புற்றுநோயோடு மனச்சிதைவு, ஒருவகைக் கடும் மனச்சோர்வு, பைபோலார் எனப்படும் இருதுருவ நோய், மறதி நோய் ஆகியவையும் அதில் இருக்கின்றன. நாள் சம்பளம் 500 ரூபாய் என்றால் ஒரு நாளைக்கு 400 ரூபாய். இதற்கு 2 ஆண்டு தொடர்ந்து வேலையில் இருந்திருக்க வேண்டும். அதற்குள் வரும் நான்கு சந்தா காலங்களில் (ஒவ்வொன்றும் மேலே சொன்ன ஆறு மாதம்) மொத்தம் 156 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும்.

மனப்பதற்றம் போன்றவை அந்தப் பட்டியலில் இல்லை. அவற்றுக்குச் சிகிச்சையும் 91 நாள் உதவியும்தான். தையல் மேசையில் நெஞ்சு படபடத்து விழுபவருக்கு இது போதாது என்றே எனக்குப் படுகிறது.

பணம் வருவது இ.எஸ்.ஐ. டாக்டர் எழுதும் சான்றிதழை வைத்துத்தான். அதனால் லீவு போடும் முதல் நாளே இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போய்விடுங்கள். தனியாரிடம் ஏற்கெனவே பார்த்திருந்தால் அந்தச் சீட்டையும் மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டுபோய், தூக்கமின்மை, அழுகை, எண்ணங்கள் எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள். 'தலைவலி' என்று சொன்னால் தலைவலிக்குத்தான் சீட்டு எழுதுவார். நடுவில் ஒரு நாள்கூட விடுபடாமல் அடுத்தடுத்த சான்றிதழை வாங்கி வையுங்கள். அந்த நாட்களில் வேலைக்குப் போகக் கூடாது, சம்பளமும் வாங்கக் கூடாது. அப்புறம், அவசரப்பட்டு ராஜினாமா எழுதிவிடாதீர்கள். வேலையை விட்டால் சந்தா நின்றுவிடும், அடுத்த காலத்துக்கான தகுதியும் கைவிட்டுப் போகும்.

சம்பளம் 21,000-க்கு மேல் இருப்பவர்கள் கம்பெனி எடுத்திருக்கும் மருத்துவக் காப்பீட்டைப் பாருங்கள். உடல்நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21-வது பிரிவு. உங்கள் நோய் விவரத்தை ரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமை அதே சட்டத்தின் 23-வது பிரிவில் இருக்கிறது.

டிஸ்பென்சரி வரை போகவே தெம்பில்லாத ராத்திரி என்றால், அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குப் போன் பண்ணுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.