ஆண்டனாவைக் கழற்றியும் படம் ஓடியது

சேலம் கன்னங்குறிச்சியிலிருந்து ஓர் அக்கா கூப்பிட்டார். "தம்பி, புது ஆண்டனா வாங்கினேனுங்க. மாசக் கட்டணம் இல்லாம எல்லாச் சேனலும் வரும்னாங்க. நாலு நாளா ஒண்ணும் வரலைங்க."

போய்ப் பார்த்தேன். வீட்டு வைஃபை ரீசார்ஜ் முடிந்திருந்தது. என் போன் ஹாட்ஸ்பாட்டைப் போட்டதும் சீரியல் ஓடியது. ஆண்டனா வயரைப் பிடுங்கினேன். அப்போதும் ஓடியது. ஹாட்ஸ்பாட்டை நிறுத்தியதும் படம் அப்படியே நின்றுவிட்டது. ஆக, சேனலைக் கொண்டுவந்தது கூடவே கொடுத்த ஆண்ட்ராய்டு பாக்ஸில் இருந்த திருட்டு ஆப். ஆண்டனா வெறும் பொம்மை.

விற்றவர் அமெரிக்கத் தொழில்நுட்பம் என்றாராம். அங்கே அப்படி ஒன்று நிஜமாகவே இருந்தது. 2012இல் நியூயார்க்கில் ஏரியோ என்ற நிறுவனம், நாணயம் அளவுகூட வராத குட்டி ஆண்டனாக்களை ஆயிரக்கணக்கில் ஓரிடத்தில் வைத்தது. சந்தாதாரர் பார்க்கும்போது அவருக்கென்று ஓர் ஆண்டனா. அது பிடிக்கும் உள்ளூர் சேனலை இணையம் வழியே அனுப்பினார்கள். 2014 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் அதைப் பதிப்புரிமை மீறல் என்றது. சில நாளில் சேவை நின்றது.

அங்கே ஆண்டனா வேலை செய்யக் காரணம், பெரிய சேனல்களே கோபுரத்திலிருந்து இலவசமாக ஒளிபரப்புவதுதான். நம் நாட்டில் தரைவழி ஒளிபரப்பு தூர்தர்ஷனுக்கு மட்டுமே. தனியார் சேனல்கள் செயற்கைக்கோளிலிருந்து கேபிளுக்கும் டிடிஎச்சுக்கும் போகின்றன. தூர்தர்ஷனின் பழைய அனலாக் டிரான்ஸ்மிட்டர்களும் 2022க்குள் பெரும்பாலும் மூடப்பட்டன. காற்றில் இல்லாத சேனலை எந்த ஆண்டனா பிடிக்கும்?

மாசக் கட்டணம் வேண்டாம் என்றால் தூர்தர்ஷனின் இலவச டிடிஎச்சான டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது. டிஷ், பாக்ஸ் செலவு ஒருமுறைதான். கட்டணச் சேனல்கள் வராது, டிடி தமிழ் வரும். சேலத்தில் டிஷ்ஷைத் தென்கிழக்கே, நன்றாக அண்ணாந்து பார்க்கும் கோணத்தில் திருப்ப வேண்டும். அவ்வளவு உயரம் என்பதால் மலை மறைக்காது. ஏற்காட்டில் மறைப்பது காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்கள்தான், இடம் பார்த்து மாட்டுங்கள். நெட்டில்தான் பார்க்க வேண்டும் என்றால் தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியின் வேவ்ஸ் ஆப்பில் தூர்தர்ஷன் நேரலை உண்டு.

எனக்குப் பெரிய கவலை அந்தத் திருட்டு ஆப்தான். யார் செய்தது, பாக்ஸிலிருந்து எதை எங்கே அனுப்புகிறது என்று யாருக்கும் தெரியாது. அக்கா வங்கிக் கணக்கோடு சேர்த்திருந்த ஜிமெயிலையே அதில் போட்டிருந்தார். அந்த ஜிமெயிலைப் பாக்ஸிலிருந்து நீக்கி, வேறு போனில் பாஸ்வேர்டை மாற்றச் சொல்லிவிட்டுத்தான் டிஷ் மாட்ட மொட்டை மாடிக்கு ஏறினேன்.